முதியோர் ஒன்றுகூடலுக்கு நிதி கேட்கப் போய் போஸ்ட்கோடுகளோடு பட்ட பாடு

லண்டனில் ஹரோ பக்கம் தமிழ் முதியவர்களுக்காக வாரம் ஒருநாள் மதியச் சாப்பாடும் கொஞ்சம் உடற்பயிற்சியும் நடத்துகிறோம். மண்டப வாடகை ஏறிவிட்டதால் ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டோம். படிவத்தில் ஒரு கேள்விதான் எங்களை இழுத்தடித்தது: உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை வீதமானோர் இங்கிலாந்தின் மிகவும் பின்தங்கிய 30 வீதப் பகுதிகளில் வசிக்கிறார்கள்?

இதற்கு ஐஎம்டி என்கிற, எந்தப் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்று காட்டும் அரசுச் சுட்டெண்ணைப் பார்க்க வேண்டும். அப்போது கையில் இருந்தது 2019 பதிப்பு. இங்கிலாந்து முழுவதையும் 32,844 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தரவரிசையில் ஓர் இடம் கொடுத்திருப்பார்கள். ஒரு துண்டில் சராசரியாக 1,500 பேர், அதாவது 650 வீடுகள் போல. முதலாவது இடம் என்றால் நாட்டிலேயே மிக மோசம். அது எஸெக்ஸ் கடற்கரையில் ஜேவிக் என்ற ஊரில் இருக்கிறது. பிறகு மொத்தத்தையும் பத்தாகப் பிரிப்பார்கள். இதிலும் 1 தான் மோசம், 10 என்றால் பின்தங்கல் மிகக் குறைவு; படிவம் கேட்ட 30 வீதம் 1 முதல் 3 வரை. எங்கள் குழுவிலேயே இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாதாடியவர்கள் இருந்தார்கள்.

முதல் வேலை, வருகிறவர்களின் போஸ்ட்கோடு, அதாவது முகவரியின் அஞ்சல் குறியீடு, சேர்ப்பது. பெயர் வேண்டாம், வீட்டு இலக்கம் வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டோம். அப்படியும் ஒரு மாமி, "தம்பி, இதைத் தந்தால் கவுன்சில்காரர் வீட்டுக்கு வருவினமோ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த இருவரையும் எழுத விடாமல் செய்துவிட்டார். அவர்களைச் சமாளிக்க அந்த வாரத் தேநீர் வேளை முழுக்கப் போயிற்று. சேர்த்த பட்டியலை அரசின் தேடல் பக்கத்தில் மொத்தமாக ஒட்டினால் எந்தப் பகுதி, எத்தனையாவது இடம் என்று ஒரே அட்டவணையாக வந்துவிடுகிறது. அது நிமிட வேலை.

வந்த விடைதான் பிரச்சினை. பாதிக்கு மேல் 5, 6, 7 என்று விழுந்தது. தோட்டமும் கராஜும் உள்ள தெருக்கள், மகன் வீட்டின் பின்னறையில் இருக்கிற தகப்பன்மார்; அந்தத் தெருவின் சராசரி அவருடைய பையில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்? அரசின் வழிகாட்டியும் இதை ஒளிக்கவில்லை, இது பகுதிகளை அளப்பது, ஆட்களை அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நிதி கொடுப்பவர்கள்தான் அதைப் படிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, சுட்டெண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வருமானத்துக்கு 22.5 வீதம், வேலைக்கு 22.5 வீதம். கல்விக்கும் உடல்நலத்துக்கும் 13.5 வீதம்படி, மிச்சம் குற்றம், வீட்டு வசதி, சுற்றுப்புறம் என்று மூன்றாகப் போகிறது. வேலைக்கான கணக்கு உழைக்கும் வயதினரைப் பற்றியது, எங்கள் ஆட்கள் எழுபது தாண்டியவர்கள். அப்புறம்தான் ஐடிஏஓபிஐ என்று முதியவர்களுக்கென்றே ஒரு தனிச் சுட்டெண் இருப்பது தெரிந்தது. ஒரு பகுதியில் அறுபதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எத்தனை பேர் பென்சன் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகளில் வாழ்கிறார்கள் என்பதுதான் அது. 0.30 என்று இருந்தால் 30 வீதம், அவ்வளவுதான். அரசுப் பக்கத்தில் ஏழாவது கோப்பைத் தரவிறக்கினால் எல்லாச் சுட்டெண்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த நிரலைப் பிடித்ததும் எங்கள் பட்டியல் வேறு முகம் காட்டியது, 6 என்று நின்ற சில தெருக்கள் 3க்கு இறங்கின.

ஆனால் இதிலும் ஒரு பெரிய ஓட்டை. உதவி கேட்டுப் பெற்றவர்தான் எண்ணிக்கையில் வருவார். பென்சன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ள வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அதைப் பெறுவதில்லை என்று அரசே மதிப்பிடுகிறது. பிள்ளைகள் பொறுப்பெடுத்து ஊரிலிருந்து கூப்பிட்ட பெற்றோருக்கு ஐந்து வருடம் அரச உதவி எடுப்பதில்லை என்று கையெழுத்து இருக்கிறது. ஆங்கிலப் படிவத்துக்குப் பயந்து போகாதவர்களும், "பிச்சை எடுக்கிற மாதிரி" என்று மறுக்கிற ஐயாமாரும் எந்தக் கோப்பிலும் இல்லை. அதாவது ஒரு தெருவில் கேட்கத் தெரியாதவர்கள் கூடக் கூட, அந்தத் தெரு காகிதத்தில் வசதியாகிவிடும்.

விண்ணப்பத்தில் இரண்டு எண்களையும் கொடுத்தோம். ஐஎம்டிப்படி இவ்வளவு, முதியோர் சுட்டெண்படி இவ்வளவு என்று எழுதி, கீழே எங்கள் மண்டபத்திலேயே பென்சன் கிரெடிட் கேட்காமல் இருந்து பிறகு எங்கள் உதவியோடு விண்ணப்பித்தவர்களைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரு பந்தி. அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. அந்தப் பந்தியைப் பற்றித்தான் நீளமாகக் கேட்டார்கள். கேட்ட தொகையில் ஒரு பகுதி, ஒரு வருடத்துக்குக் கிடைத்தது.

2025 அக்டோபரில் புதிய பதிப்பு வந்துவிட்டது. இப்போது 33,755 பகுதிகள், வருமானத்தை வீட்டுச் செலவு போக மிச்சத்தை வைத்துப் பார்க்கிறார்கள், லண்டன் வாடகைக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. எல்லைகளும் சில இடங்களில் மாறியிருப்பதால் பழைய பகுதிக் குறியீடுகளை வைத்துத் தேடாதீர்கள், போஸ்ட்கோட்டிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.