லாஸ் 0 வைத்தும் 23% போனது: நெட்எம்-இன் லிமிட் 1000

ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. லினக்ஸில் தாமதத்தையும் பேக்கெட் இழப்பையும் செயற்கையாக உண்டாக்குகிற நெட்எம்-இல் பேக்கெட் லாஸ் 0% என்று வைத்த லிங்கில் 23% காணாமல் போய்க்கொண்டிருந்தது. 1% வைத்தாலும் 23. 5% வைத்தாலும் 23. 10% வைத்தாலும் அதே 23. இது யாருக்காவது நடந்து, ஐபெர்ஃப்-ஐயோ (நெட்வொர்க் வேகம் அளக்கிற கருவி) கெர்னலையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் மேலே படியுங்கள்.

அமைப்பு சின்னதுதான். பழைய லேப்டாப், டெபியன், நான்கு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி நடந்துகொள்கிற நெட்வொர்க்). பெயரெல்லாம் நம்ம 44-ஆம் நம்பர் ரோட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன்: தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி. ஓரத்து இரண்டும் ஹோஸ்ட், நடுவில் இருக்கிற இரண்டும் ரவுட்டர், எல்லாவற்றையும் வீத் ஜோடிகளால் (மென்பொருள் கேபிள்) கோத்தாயிற்று. காரிமங்கலத்திலிருந்து காவேரிப்பட்டணம் போகிற பக்கம் மட்டும் டிசி (லினக்ஸின் டிராஃபிக் கன்ட்ரோல் கட்டளை) வழியாக நெட்எம், டிலே 100 மில்லிசெகண்ட். தர்மபுரியிலிருந்து ஐபெர்ஃப்3 யூடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாத முறை), கிருஷ்ணகிரியில் சர்வர்.

100 எம்பிபிஎஸ் வரை சுத்தமாகப் போனது. 150-க்கு ஏற்றினதும் 23%.

வாங்குகிற பக்கம் சாக்கெட் பஃபர் நிரம்பிக் கொட்டுகிறதோ என்று முதலில் கெர்னல் கவுண்டர்களைக் காட்டுகிற என்ஸ்டாட்-இல் யூடிபி ரிசீவ் பஃபர் எரர் பார்த்தேன். பூஜ்யம். சிபியு பாதிகூட ஏறவில்லை. காவேரிப்பட்டணத்து இன்டர்ஃபேஸ் கவுண்டரைப் பார்த்தால் அங்கே வரும்போதே குறைந்துதான் வருகிறது. ஆக, காரிமங்கலத்தைத் தாண்டுவதற்குள் போய்விடுகிறது. அங்கே டிசி ஸ்டாட்ஸ் போட்டால் 'டிராப்ட்' எண் விறுவிறுவென ஏறுகிறது. இங்கேதான் எனக்கு நெட்எம் மேல் கோபம். நாம் கேட்டு வாங்கிய லாஸையும், க்யூ நிரம்பியதால் அதுவாகக் கொட்டுகிறதையும் ஒரே எண்ணில் போட்டு வைத்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை.

துப்பு கொடுத்தது பக்கத்திலிருந்த பேக்லாக் எண், அதாவது க்யூவில் அந்த நேரத்தில் இருக்கிற பேக்கெட். டெஸ்ட் ஓடும்போது வாட்ச் போட்டுப் பார்த்தால் 1000-த்தை எட்டி அங்கேயே நிற்கிறது, அதற்கு மேல் ஏறவே இல்லை. நெட்எம்-இன் டீஃபால்ட் லிமிட் 1000 பேக்கெட். டிலேயில் காத்திருக்கிற பேக்கெட்டும் இந்த ஆயிரத்தில்தான் அடக்கம். சுங்கச்சாவடியில் நிற்கிற வண்டிகளோடு, காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளையும் சேர்த்து எண்ணுகிற மாதிரி.

கணக்கு போட்டால் அச்சாகப் பொருந்துகிறது. ஐபெர்ஃப் ஒரு பேக்கெட்டில் 1448 பைட் வைக்கிறது. 150 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு சுமார் 12,950 பேக்கெட். ஒவ்வொன்றும் 0.1 விநாடி உள்ளே இருந்தால் எந்த நேரத்திலும் 1,295 பேக்கெட் உள்ளே இருக்க வேண்டும். இடமோ ஆயிரத்துக்குத்தான். விநாடிக்கு 10,000 மட்டுமே வெளியேற முடியும், மிச்சம் 2,950 கீழே. 22.8%. சுமார் 116 எம்பிபிஎஸ் வரை ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டினால்தான் ஆரம்பிக்கும். 100-இல் சுத்தமாகப் போனது அதனால்தான்.

1%, 5%, 10% எல்லாவற்றுக்கும் ஒரே 23 வந்த காரணமும் இதிலேயே இருக்கிறது. நெட்எம் முதலில் லாஸுக்குத் தள்ளிவிட்டு, தப்பியதைத்தான் க்யூவில் வைக்கப் பார்க்கிறது. 10% போனாலும் 11,650 மிஞ்சுகிறது, அதுவே பத்தாயிரத்துக்கு மேல். கடைசியில் வெளியே வருவது அதே பத்தாயிரம்தான்.

லிமிட்டை 5000 ஆக்கினதும் 0 வைத்தால் 0, 1% வைத்தால் 0.99, 1.01. அந்த எண்களைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு பொறி: டிசி சேஞ்ச் கொடுத்து லாஸை மட்டும் மாற்றினால், லிமிட் சொல்லாத குறைக்கு அது மறுபடி 1000-க்கே திரும்பிவிடும். டிலே சொல்லாவிட்டால் டிலேயும் போய்விடும். ஒவ்வொரு முறையும் டிலே, லாஸ், லிமிட் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். நான் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிட்டேன்.

பிங் (போய்த் திரும்புகிற சோதனைப் பேக்கெட்) வைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1% லாஸ் உள்ள லிங்கில் நூறு பிங் அடித்தால், ஒன்றுகூடத் தொலையாமல் வர 37% வாய்ப்பு இருக்கிறது. நூறு பிங்கை வைத்து லிங்க் நல்லா இருக்கு என்று சொல்லவே முடியாது. பத்தாயிரம் அனுப்பினாலும் 80-லிருந்து 120 வரை எது வந்தாலும் அது 1%தான். இரண்டு திசையிலும் 1% வைத்தால் பிங் காட்டுவது 1.99%.

அடுத்து நிஜ கேபிளில் செய்ய ஆசை. இரண்டு யூஎஸ்பி லேன் அடாப்டர் வேண்டும். தர்மபுரியில் விசாரித்தால் சிசிடிவி சாமானும் ஆர்ஜே45 முனையும்தான் தாராளமாகக் கிடைக்கிறது. பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போய் வாங்கினேன். டப்பாவில் ஜிகாபிட் என்று ஒட்டியிருக்கிறது, சொருகிய சாதனத்தின் சிப்பைக் காட்டுகிற எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போட்டால் ரியல்டெக் 8152. அது 100 எம்பிபிஎஸ் சிப். ஜிகாபிட்டுக்கு 8153 வேண்டும். கடையிலேயே லேப்டாப்பில் சொருகிப் பார்த்து வாங்குங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

அதற்கு முன்னால் டிசிபி பாக்கி இருக்கிறது, அது இன்னும் முடியவில்லை. டிசிபி-யில் டிஎஸ்ஓ (பேக்கெட்டாக வெட்டுகிற வேலையை நெட்வொர்க் கார்டுக்குத் தள்ளிவிடுகிற வசதி) இயங்குவதால் வீத்-இல் 64 கேபி வரை ஒரே கட்டாக வருகிறது. நெட்எம் அதை ஒரு பேக்கெட்டாகத்தான் பார்க்கும். ஒன்றைக் கொட்டினால் நாற்பதுக்கும் மேற்பட்ட செக்மென்ட் மொத்தமாகப் போகும். இன்டர்ஃபேஸ் அமைப்பை மாற்றுகிற ஈத்டூல்-இல் டிஎஸ்ஓ, அதே மாதிரி பெரிய கட்டாகக் கையாளுகிற ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் எல்லா நேம்ஸ்பேஸிலும் அணைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு ஜிஇ (கில்பர்ட்-எலியட்) மாடல். காற்றும் மழையும் அடிக்கும்போது மாடியில் இருக்கிற வயர்லெஸ் லிங்கில் லாஸ் சீராக வராது, கொத்துக் கொத்தாகத்தான் வரும். கில்பர்ட் 1960-இலும் எலியட் 1963-இலும் போட்டுக் கொடுத்த மாடல் அதற்கென்றே இருக்கிறது.

8153 அடாப்டர் ஓசூரிலேயே கிடைக்கிறது என்றால் யாராவது சொல்லுங்கள், இன்னொரு பெங்களூரு பஸ் மிச்சம்.