வெந்தயம் மணக்கும் ஒயின்

பிரான்ஸின் கிழக்கு ஓரம், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஜூரா பகுதியில் வான் ஜோன் என்று ஒரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள். சவான்யான் திராட்சை மட்டும்தான். நொதித்த சாற்றை ஓக் பீப்பாயில் ஊற்றி, அறுவடைக்குப் பிந்தைய ஆறாவது வருஷ டிசம்பர் வரை சும்மா விட்டுவிடுவார்கள். மரத்தின் வழியே ஆவியாகிக் குறையும். மற்ற ஒயின்காரர்கள் குறையக் குறைய நிரப்புவார்கள், இவர்கள் தொடுவதே இல்லை. காலியான இடத்தில் ஈஸ்ட், பாலில் ஆடை படிவது போலப் படர்ந்து, ஒயின் வினிகராகாமல் காக்கிறது. ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்று கணக்கு. பாட்டிலும் அதே அளவுதான், குட்டையாக இருக்கும்.

மச்சினன் கொண்டுவந்ததைப் பாளையங்கோட்டை வீட்டில் திறந்தோம். (டாஸ்மாக்கில் தேடிப் போகாதீர்கள்.) மாமா முகர்ந்துவிட்டு, “என்ன மாப்ளே, வெந்தயம் வறுத்த வாசம்லா வருது!” என்றார். மூக்குன்னா அதுதான். வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டோலோன் என்ற சேர்மம் இந்த ஒயினிலும் வருஷக்கணக்கில் மெல்லச் சேர்கிறது.

ருசி? இனிப்பே கிடையாது. புளிப்பு, வால்நட், லேசாக உப்புக் கரிப்பு. முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். அந்த ஊரில் கோம்தே சீஸோடு குடிப்பார்கள். எங்களுக்குச் சொதி இருந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் அதோடு அப்படிச் சேர்ந்தது, சீஸைவிட மேல் என்பேன்.

ஐஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள், 14, 15 டிகிரியில்தான் மணம் எழும். திறந்த பாட்டில் வாரக்கணக்கில் தாங்குமாம். மாமா இருக்கும் வீட்டில் அந்த ஆராய்ச்சிக்கு வாய்ப்பில்லை.