பல்லில் நறநறத்த சாக்லேட்

முதல் துண்டை வாயில் போட்டதும், பழைய சரக்கை நம் தலையில் கட்டுகிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது. வழுவழுவென்று கரைய வேண்டிய சாக்லேட், பல்லுக்கடியில் நறநறவென்று அரைபட்டது. மேலே பளபளப்பும் இல்லை, மங்கலான பழுப்பு. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்த முகத்தைத்தான் காட்டுவார்கள் போலிருக்கிறது.

ஊர் மோதிக்கா. இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. சிராக்கூசாவிலிருந்து சின்ன ரயில் ஒன்று நோத்தோ, ஷிக்ளி என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. 1693-இல் வந்த நிலநடுக்கம் இந்தப் பக்கத்து ஊர்களைத் தரைமட்டமாக்கிவிட்டது. அதற்குப் பிறகு பரோக் என்ற ஆடம்பரமான பாணியில் எழுப்பிய கட்டடங்களுக்காகத்தான் 2002-இல் யுனெஸ்கோ மோதிக்காவையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. நடுவில் ஓடும் பெரிய கடைத்தெருவின் பெயர் கோர்சோ உம்பெர்த்தோ. ஒரு காலத்தில் அது ஆறு. 1902-இல் வெள்ளம் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. இப்போது ஆறு அடியில் இருக்கிறது, நாம் அதன் தலைமேல் நடக்கிறோம்.

சான் ஜார்ஜோ தேவாலயத்துக்கு ஏறக்குறைய 250 படி. ஏறி இறங்கியாகிவிட்டது. அழகுதான். ஆனால் நான் வந்த காரியம் வேறு.

தெரு முழுக்கச் சாக்லேட் கடைகள். 1880-இலிருந்து நடக்கும் பொனாயுத்தோ கடை இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் போனது சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடைக்கு. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வெளியே நிற்க வேண்டும். அந்த அம்மாவுக்கு இத்தாலிய மொழி, எனக்குக் கைப்பேசி மொழிபெயர்ப்பு. மிச்சத்தைக் கைகளால் பேசிக்கொண்டோம்.

“கடிக்காதீங்க, நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருங்க” என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இரண்டாவது துண்டு இலவங்கப்பட்டை போட்டது. சும்மா இருந்தேன். முதலில் வாசனை. பிறகு கொக்கோ உருகி, நல்ல கசப்பாக நாக்கு முழுக்கப் பரவியது. அது போன பிறகும் சர்க்கரைப் பரல்கள் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. அவை எச்சிலில் மெல்லக் கரையக் கரைய, இனிப்பு தனியாக, தாமதமாக வந்தது. மற்ற சாக்லேட்டில் கசப்பும் இனிப்பும் கலந்து ஒரே நேரத்தில் வந்துவிடும். இங்கே இரண்டும் வரிசையில் நின்று வருகின்றன. பழைய சரக்கு என்று நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதன் காரணத்தைக் கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “40 டிகிரி சூட்டில் செய்கிறோம், அதனால் சர்க்கரை கரைவதில்லை.” இது பாதிக் காரணம்தான் என்பது என் எண்ணம். சர்க்கரை தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. அதனால் எந்தச் சாக்லேட்டிலுமே சர்க்கரை கரைந்து கிடப்பதில்லை. ஆலைகளில் அதை உருளைகளுக்கு இடையே விட்டு, சுமார் 20 மைக்ரான் அளவுக்கு அரைத்துவிடுகிறார்கள். அவ்வளவு நுண்ணிய தூளை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதன் பிறகு மணிக்கணக்கில் சூட்டோடு கலக்குகிறார்கள். கான்ச்சிங் என்று அதற்குப் பெயர். 1879-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரொடால்ஃப் லிண்ட் கண்டுபிடித்தது. மோதிக்காவில் இந்த இரண்டு வேலையும் கிடையாது. கொக்கோ விழுதை இளஞ்சூட்டில் இளக்கி, சர்க்கரையைக் கொட்டிக் கிளறி, அச்சில் ஊற்றிவிடுகிறார்கள். யாரும் அரைக்காததால்தான் பரல் பரலாகவே நிற்கிறது. கான்ச்சிங்கில் பறந்துபோகும் லேசான புளிப்பும் இதில் தங்கிவிடுகிறது.

கடை மூலையில் ஒரு கல்லைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். சற்றே வளைந்த பலகைக்கல், கீழே கால்கள், மேலே உருட்ட ஒரு குழவி. அம்மியைப் பார்த்து வளர்ந்த எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மெக்சிக்கோவில் இதை மெத்தாத்தே என்கிறார்கள். கீழே தணல் வைத்து, கல்லைச் சூடாக்கி, அதன்மேல் கொக்கோவை அரைப்பார்களாம். சிசிலி 1713 வரை ஸ்பெயினின் கையில் இருந்தது, மெக்சிக்கோவும் அப்போது அவர்களுடையதுதான். அந்த வழியாக இந்தப் பக்குவம் வந்தது என்கிறார்கள். இருக்கலாம். எந்தக் கப்பலில், யார் கையில் என்று குடைந்தால் ஆளுக்கொரு கதை கிடைக்கும்.

பேச்சுக்கு நடுவே பின்கட்டிலிருந்து டகடகவென்று தகரம் தட்டும் சத்தம். எட்டிப் பார்க்க விட்டார்கள். ஓர் இளைஞர் அச்சுத் தட்டுகளை மேசைமேல் குலுக்கிக்கொண்டிருந்தார். குழம்பாக ஊற்றியது சமமாகப் பரவ, உள்ளே மாட்டிய காற்று வெளியேற, இந்தத் தட்டல் வேண்டுமாம். நின்று பார்த்ததில் எனக்கே கை துறுதுறுத்தது.

திரும்பி வந்து மற்றவற்றையும் பார்த்தேன். வனிலா சாது. ஆரஞ்சில் தோல் வாசனை கொஞ்சம் தூக்கல். மிளகாய் போட்டதை அந்த அம்மா ஏதோ எச்சரிக்கையோடு நீட்டினார். தொண்டையில் லேசாகச் சுருக்கென்றதோடு சரி, மிளகாய் தின்று வளர்ந்த நாக்கை அது ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு ஏமாற்றம். உப்புச் சாக்லேட்தான் என்னைக் கவிழ்த்தது: உப்பும் பரல், சர்க்கரையும் பரல், அடுத்து எது கரையும் என்று தெரியாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்திலேயே பிறை வடிவில் இம்பனத்திக்கி என்ற பலகாரம் அடுக்கியிருக்கும். உள்ளே சாக்லேட்டோடு மாட்டிறைச்சியும் உண்டு. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாக்லேட் வாங்கும்போது உறையில் ஐஜிபி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் மோதிக்கா சாக்லேட்டுக்குக் கிடைத்த ஐரோப்பியப் புவிசார் குறியீடு அது. கொக்கோ இங்கே விளைவதில்லை, வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. குறியீடு செய்முறைக்கும் ஊருக்கும்தான்.

ஆறு கட்டி வாங்கினேன். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் பையை நிலையத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு உலாத்தினேன். வெயில் நகர்ந்து பைமேல் வந்ததைக் கவனிக்கவில்லை. சிராக்கூசா விடுதியில் திறந்தபோது கட்டிகள் நெளிந்திருந்தன. மறுநாள் காலையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. பூஞ்சை அல்ல, உருகிய கொக்கோ வெண்ணெய் மேலே வந்து உறைந்தது. தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் யாருக்கும் பரிசாகக் கொடுக்க முடியாதே. மோசமாக நெளிந்திருந்த இலவங்கப்பட்டைக் கட்டியை உடைத்துக் கோப்பையில் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். ஒரு பரல்கூட மிஞ்சவில்லை.