உறுதிமொழி

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் கூடம். முன்வரிசையில் மரைன் படைச் சீருடையில் ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும்.

சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்ற வரியை நாங்கள் எல்லாரும் முணுமுணுத்துக் கடந்தோம். அவன் மட்டும் சத்தமாகச் சொன்னான்.

எனக்கு ஹோசே அன்டோனியோ குட்டியெரெஸ் ஞாபகம் வந்துவிட்டது.

குவாத்தமாலா நகரத் தெருக்களில் வளர்ந்த அநாதை. சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டே மெக்சிகோவைக் கடந்து கலிஃபோர்னியா வந்தவன். அப்போதே இருபது வயதைத் தாண்டியிருந்தான். பதினெட்டு ஆகாத மைனர் என்று சொன்னான்.

அந்த ஒரு சொல்லில்தான் வளர்ப்புக் குடும்பம், பள்ளிக்கூடம், கிரீன் கார்டு எல்லாம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரு தின்ற வருஷங்களைத் திரும்பக் கேட்டான், அவ்வளவுதான்.

கட்டடக் கலை படிக்க ஆசை. மரைனில் சேர்ந்தான்.

2003 மார்ச் 21, ஈராக்கில் உம் காசர் அருகே செத்துப்போனான். அந்தப் போரில் முதலில் விழுந்த அமெரிக்க வீரர்களில் ஒருவன் என்றார்கள். அமெரிக்கன் ஆகியிருக்கவில்லை. பட்டது சொந்தப் படையின் குண்டு என்பது பிறகு தெரிந்தது.

குடியுரிமை ஏப்ரலில் வந்தது.

அன்றைய சட்டப்படி அது மரியாதைக்கு மட்டும். அதை வைத்து உறவுகள் யாரும் குடியேற முடியாது. அந்த வருஷக் கடைசியில் சட்டத்தை மாற்றினார்கள், அதுவும் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு.

அவனுக்கென்று இருந்தது ஒரு சகோதரி.