ஜப்பான்ல கம்பெனி பதிவு சுலபம், பேங்க் அக்கவுண்ட்தான் உயிரை வாங்குது

ஒருவழியா போன வாரம் எங்க டோக்கியோ கம்பெனிக்கு அக்கவுண்ட் ஓப்பன் ஆயிடுச்சு. இன்னும் கடுப்பு போகல, அதான் எழுதறேன்.

ஹெட் ஆபீஸ் சென்னை, நான் இங்க டோக்கியோல நிஷி கசாய்ல. கபுஷிகி கைஷாவா, அதாவது பங்குகள் உள்ள கம்பெனியா பதிஞ்சாதான் மரியாதைன்னு மேல ஒரே பிடிவாதம். கோதோ கைஷான்னா (எல்.எல்.சி. மாதிரி எளிமையான வகை) நோட்டரி ஆபீஸ் பக்கமே போக வேணாம், பதிவு வரியும் 60,000 யென்ல ஆரம்பிக்கும், கபுஷிகிக்கு குறைஞ்சது 1,50,000. ஆப்பிள், அமேசானே இங்க கோதோ கைஷாதாங்கன்னு சொல்லிப் பாத்தேன், எடுபடல.

நோட்டரி ஆபீஸ்ல கவுத்தது இனிஷியல்! எம்.டி. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு, சென்னைலேர்ந்து வந்த அஃபிடவிட்ல வெறும் இனிஷியல். அங்க இருந்த பெரியவர் வரிக்கு அடியில ஸ்கேல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுட்டு, ரொம்பப் பணிவா குனிஞ்சு, ரெண்டும் ஒரே ஆள்தானான்னு கேட்டார். அவ்ளோதான், சென்னை நோட்டரி, கூரியர், ஜப்பானிய மொழிபெயர்ப்பு எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து. போர்டு தீர்மானம் டைப் பண்ணும்போதே பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சுக்கோங்க.

கம்பெனிகள பதியற அரசு ஆபீஸான ஹோமுக்யோகுல பதிவு சத்தமில்லாம முடிஞ்சுது.

அப்புறம் பேங்க். பிரதிநிதி டைரக்டர் (கம்பெனி சார்பா கையெழுத்து போடற அதிகாரம் உள்ளவர்) ஒருத்தராவது ஜப்பான்ல குடியிருக்கணும்ங்கற நிபந்தனைய 2015 மார்ச்லயே எடுத்துட்டாங்க. எங்க கன்சல்டன்ட் இத ஸ்லைடுல கொட்டை எழுத்துல போட்டிருந்தார், ஆனா பேங்க் கவுன்டர்ல மொதல் கேள்வியே டைரக்டர் எங்க இருக்கார்ங்கறதுதான், ரெண்டாவது ஆபீஸ் வாடகை ஒப்பந்தம் எங்கன்னு, எங்களுதோ விர்ச்சுவல் ஆபீஸ். அக்கவுண்ட் தர முடியாது, "எல்லாத்தையும் பரிசீலிச்சு எடுத்த முடிவு"ன்னு போன்ல சொன்னாங்க. என்ன காரணம்னு எப்படிக் கேட்டாலும் அதே வரி, அதே பணிவு.

வயித்தெரிச்சல் என்னன்னா, எங்க சாஃப்ட்வேர் புடிச்சுப்போன கஸ்டமர் ரெடியா இருந்தாங்க, ஆனா சப்ளையரா பதிய உள்ளூர் பேங்க் அக்கவுண்ட் கேட்டாங்க. இங்கயும் நிறைய கம்பெனிகளுக்கு ஏப்ரல் டு மார்ச்தான் நிதியாண்டு, பட்ஜெட் மூடிட்டா அடுத்த வருஷம்தான். போட்டிக்கு வந்த கொரியாக்காரன் இங்க கம்பெனியே ஆரம்பிக்கல, உள்ளூர் ஏஜென்ட் ஒருத்தர் மூலமா நுழைஞ்சு ஆர்டர தட்டிட்டுப் போயிட்டான். என்னைக் கேட்டா மொத வருஷம் அதான் சரியான ரூட்டு, கமிஷன் போனா போகட்டும்.

கடைசில சின்னதா ஒரு நிஜ ரூம் வாடகைக்கு எடுத்து, பர்மனென்ட் ரெசிடென்சி இருக்கற எங்க சீனியர் ஒருத்தர பிரதிநிதி டைரக்டரா சேத்து, கஸ்டமர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு, ஆபீஸ் பக்கத்துலயே இருந்த சின்ன பேங்குக்குப் போனோம். அங்க உக்காரவச்சு என்ன வியாபாரம்னு பொறுமையா கேட்டாங்க, நடந்துடுச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், பேங்க் லெட்டர் தபால்லதான் வரும், லெட்டர் பாக்ஸ்ல கம்பெனி பேர ஒட்டி வைங்க, இல்லன்னா அப்படியே திரும்பிப் போயிடும்.