சிவப்பு பூசிய அடிகுழாய்

பதினாறு ஆண்டுகள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருந்துவிட்டு, 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், தருமபுரி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவிக்கு நின்று வென்றேன். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பதால் வீடு வீடாகச் சென்று பேசவேண்டியிருந்தது. பதவியேற்ற பிறகும் சில மாதங்கள், அலுவலகத்துக்கு வருபவர்கள் என் கணவரைத்தான் தேடினார்கள். காசோலையில் தலைவராகக் கையெழுத்திடுபவள் நான் என்பதைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பகுதிப் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கலப்பதும், அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதும் நாங்கள் தலைமுறையாகக் கண்டுவருவது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பதும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர அளவு. ஒரு தெருவின் அடிகுழாய் நீர் அந்த 1.5-ஐயும் தாண்டியிருந்ததால், பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்றே கைப்பிடியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அறிக்கையில் கையெழுத்திட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துப் பழகியவள் நான். மறுநாள் விடியும்போது காலிக் குடங்களுடன் பெண்கள் வாசலில் நின்றார்கள். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் எங்கே போவது என்று அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது என் தவறு.

கைப்பிடியைத் திரும்ப மாட்டி, குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு பூசினோம். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை அந்தத் தெருவுக்கு நீட்டித்தோம். 2021 அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு பாட்டி எழுந்து, "தலைவரம்மா, காய்ச்சிக் குடிச்சா அது போயிடாதா?" என்று கேட்டார். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் நீர் வற்ற வற்ற ஃபுளோரைடு கூடத்தான் செய்யும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், "ரசம் சுண்டினா உப்புக் கரிக்குமே, அப்படியா?" என்றார் அவரே. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எழுதியதில்லை.

அதன்பின், குடிநீர்த் தொட்டியை இயக்கும் பணியாளரான தொட்டி இயக்குநருடன் காலையில் கடைசித் தெருக் குழாய்வரை போய், கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் நீரில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று காட்டும் குளோரோஸ்கோப் குழலில் நீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, ஏறும் மஞ்சள் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் அங்கும் எஞ்சியிருக்கவேண்டும். குடம் நிரம்பக் காத்திருக்கும் பெண்கள் குழலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். 2025 ஜனவரியில் என் பதவிக்காலம் முடிந்தது. மஞ்சள் வெளிறியிருந்தால், இன்று தொட்டி இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்பவர்கள் அவர்கள்தான்.