மேஜர் சரவணனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பெயர்

திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் போகிறவர்களுக்கு, கார்கில் போரில் உயிரை விட்ட மேஜர் சரவணனின் நினைவிடம் தெரியும். அவருடைய நினைவு நாளான மே 29 அன்று ராணுவத்தினர், முன்னாள் படைவீரர்கள், என்சிசி பிள்ளைகள் எல்லோரும் அங்கே அஞ்சலி செலுத்த வருவார்கள். ராணுவ அஞ்சலியைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பேச்செல்லாம் பெரிதாக இருக்காது. மலர் வளையத்தை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்து சல்யூட், அவ்வளவுதான். 'ஷோக் சஸ்த்ர' என்று ஆணை வந்ததும் வீரர்கள் துப்பாக்கியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புவார்கள், குழல் முனை கீழே பூட்ஸ் பக்கம் போய்விடும், மேலே வந்த கட்டையில் இரண்டு கைகளையும் வைத்துத் தலையைக் கவிழ்த்து நிற்பார்கள். அப்புறம் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட். ராணுவ முகாமில் பொழுது முடிந்தது என்று ஊதுகிற இசை அது. மௌனம் முடிந்ததும் விழித்தெழச் சொல்லும் ரௌஸ் ஊதுவார்கள்.

கூட நின்று சண்டை போட்டவனுக்குத்தான் இந்த மரியாதையின் முழுக் கனமும் தெரியும் என்று நினைக்கிறேன். சரவணன் கதையே அதற்குச் சாட்சி. 1999 கார்கில் போரில் அவர் பிகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் இருந்தார். கார்கில் பக்கத்து பட்டாலிக் மலைப் பகுதியில், 14,000 அடிக்கு மேல், எதிரி மேலே உட்கார்ந்திருக்க இவர்கள் கீழேயிருந்து ஏற வேண்டும், ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. காயம்பட்ட பிறகும் பின்வாங்காமல் சண்டை போட்டு மே 29 அன்று உயிரை விட்டார். 27 வயதுகூட ஆகவில்லை. உடல் மேலேயே கிடந்தது. குண்டு மழைக்கு நடுவே மீட்கப் போனவர்களால் முடியவில்லை, ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஆனாலும் அப்படியே விட்டுவிடவில்லை, கடைசியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். திருச்சியில் குடும்பத்தார் அதுவரை எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

நம்மூரில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணேஷ் பிரசாத் யாதவ், நாயக் என்ற பதவியில் இருந்தவர், பிகார்க்காரர், அதே பட்டாலியன், அதே தாக்குதல், அவரும் மே 29 அன்றுதான் வீழ்ந்தார். சரவணனைப் போலவே இவருக்கும் இறப்புக்குப் பின் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். சரவணன் நம்மூர்ப் பையன் என்பதால் நமக்கு அவர் பெயர் வாயில் வருகிறது, சரி, அது இயல்புதான். ஆனால் அந்த மலையில் அவரோடு ஏறியவர்களில் பெரும்பாலானவர்கள் பிகார், ஜார்க்கண்ட் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு சரவணன் தமிழர் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை, எங்கள் சாப், அதாவது எங்கள் அதிகாரி, என்பதுதான் கணக்கு.

பிள்ளைகளை நினைவிடத்துக்கு அழைத்துப் போகும் என்சிசி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த மே 29 அன்று கணேஷ் யாதவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.